குதிரை பார்க்கப் போன டாக்டரம்மா

செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு பெரியவருக்குக் குடற்புழு மருந்தின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தாய் ஆட்டுக்கு எவ்வளவு, குட்டிக்கு எவ்வளவு என்று இரண்டாவது தடவை சொல்லும்போது போன் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து சுதா, டாக்டரம்மாவின் ஒரே மகள். "எஸ்தர் ஆன்ட்டி, அம்மா காலைல எழுந்திருக்கல" என்றாள். "சரிம்மா" என்ற ஒரு வார்த்தைதான் எனக்கு வந்தது. போனை வைத்துவிட்டு அந்தப் பெரியவருக்கு மூன்றாவது தடவையும் அளவைச் சொல்லி, அவரைத் திரும்பச் சொல்ல வைத்து அனுப்பினேன். பிறகுதான் உட்கார்ந்தேன்.

டாக்டர் பத்மாவைத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறீர்கள். உங்கள் மாட்டுக்கு ஊசி போட்டிருப்பார், உங்கள் ஆடு ஈன முடியாமல் கிடந்தபோது பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பார். மகள் வீட்டில் இறந்தாலும் அவரைச் சங்கரன்கோவிலுக்கே கொண்டுவந்தார்கள். அன்றைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு சுதா என்னிடம், "எங்கம்மா இவ்வளவு பேருக்கா ஆன்ட்டி வைத்தியம் பார்த்தாங்க?" என்று கேட்டாள். இவ்வளவு பேரின் ஆடுமாடுகளுக்கு என்று சொன்னேன். அந்த அழுகையிலும் சிரித்துவிட்டாள்.

அவருடைய வைத்தியத்தைப் பற்றி நீங்களே சொல்வீர்கள். நான் எழுத நினைப்பது வேறு ஒன்று. டாக்டரம்மா ஒரு பெரிய குதிரைப் பந்தயத்தைப் பார்க்கப் பல வருடம் திட்டம் போட்டார். அதைப் போய்ப் பார்க்கவும் செய்தார். கூடப் போன இரண்டு பேரில் நானும் ஒருத்தி.

அவர் திருச்சிக்காரர். முப்பது வருடத்துக்கு முன் கைக்குழந்தையோடு எங்கள் ஊர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு டாக்டராக வந்தார். எதிரே நானும் என் கணவர் செல்லத்துரையும் கால்நடை மருந்துக்கடை வைத்திருந்தோம். அவர் வந்த வாரம் பனவடலிசத்திரத்திலிருந்து ஒருவர் பசுமாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து, "ஆம்பளை டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டார்.

"வர நேரமாகும். அதுக்குள்ள நான் மாட்டைப் பாத்து வைக்கட்டுமா?" என்றார் டாக்டரம்மா.

அவர் அரைமனதாகச் சம்மதித்தார். மாட்டுக்கு மடிநோய். பார்த்து, ஊசி போட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடித்தார். கிளம்பும்போது அந்த மனிதர் கொஞ்சம் கூச்சத்தோடு, "அந்த டாக்டர் வந்தா என்னன்னு சொல்ல?" என்று கேட்டார். "நான் வந்துட்டேன்னு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. கடைக்குள்ளிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துப் போயிற்று. டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்து, சில வருடத்தில் பத்மாக்கா ஆனார். அவரும் என்னை எஸ்தர் என்பதிலிருந்து ஏட்டி என்பதற்கு வந்தார். திருச்சிப் பேச்சில் அந்த ஒரு சொல் மட்டும் எங்கள் ஊருடையது.

குதிரைப் பேச்சு வந்தது ஒரு ஐப்பசி மதியத்தில். மழை. ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாமல் கடைக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். டிவியில் ஏதோ ஓட்டப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. சும்மா பேச்சுக்கு, "நீங்க எல்லா மிருகத்துக்கும் வைத்தியம் பாத்திருக்கீங்கல்ல?" என்று கேட்டேன். "குதிரை தவிர" என்றார்.

கல்லூரியில் படித்தபோது அவர்களை ஒருநாள் பந்தயக் குதிரை லாயத்துக்குக் கூட்டிப் போனார்களாம். வகுப்பில் பெண்கள் மூன்று பேர். உதைத்துவிடும் என்று பெண்களை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு, மற்றவர்களை உள்ளே அழைத்துப் போய்க் காலைத் தூக்கிப் பார்க்கவும் நாடி பிடிக்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார் ஆசிரியர். இவர் கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தாராம். உள்ளே ஒரு செந்நிறக் குதிரை தலையைத் திருப்பி இவரைப் பார்த்ததாம்.

"கோபமா இருந்திருக்குமே அக்கா" என்றேன்.

"அன்னைக்கு இருந்தது. இப்ப இல்ல. ஆனா அது நின்னதைத்தான் பாத்தேன், ஓடினதைப் பாக்கல. ஒருநாள் பெரிய பந்தயமா ஒண்ணு போய்ப் பாக்கணும், ஆசையா இருக்கு" என்றார். பெங்களூரில் வருடா வருடம் டெர்பி என்று நடக்கும், கோடையில் ஒன்று, குளிரில் ஒன்று, நாடு முழுக்க அதற்குப் பேர் உண்டு என்றார். "நீயும் வாட்டி." நான் உடனே சரி என்றேன். நடக்காத காரியம் என்ற தைரியத்தில் சொன்னது.

அவர் அப்படி நினைக்கவில்லை. அடுத்த வருடமே ஆடி மாதத்துக் கோடைப் பந்தயத்துக்குப் போகலாம் என்றார். ரயில், தங்குமிடம் எல்லாம் விசாரித்து வைத்தார். தேதியைப் பார்த்தால் எங்கள் ஊர்த் திருவிழாவான ஆடித் தபசு நெருங்கியிருந்தது. தபசுக்கு எங்கள் தெருவில் எந்த மதத்து வீடானாலும் விருந்தாளிகள் நிறைந்துவிடுவார்கள். என் நாத்தனார் குடும்பம் முதல் ஆளாக வந்து இறங்கியது. "சரி, குளிருக்குப் போவோம்" என்றார். குளிருக்கு முன்னால் குருவிகுளம் பக்கம் ஆட்டுக்கொல்லி நோய் பரவி, தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்தார். பிறகு ஊரடங்கு வந்தது. பிறகு அவர் ஓய்வுபெற்றார். ஓய்வு பெற்ற மறுவருடம் நெஞ்சு வலி வந்து இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஒவ்வொரு தடவை தவறும்போதும் அவர் சோர்ந்து போனதை நான் பார்த்ததில்லை. மாலையில் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, "கோவில்பட்டில ரயில் ஏறுறதா, இல்ல பஸ்ஸே தேவலையா?" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஜன்னலோர இருக்கை யாருக்கு என்பதில் எங்களுக்குள் சண்டைகூட வந்திருக்கிறது. சாப்பாட்டுக்குப் புளியோதரையா, சப்பாத்தியா என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசியிருக்கிறோம்.

ஸ்டென்ட் வைத்தபின் அவர் பேச்சு மாறியது. "இந்த ஜனவரி" என்றார். கேள்வியாக இல்லை.

முதல் தடை என் வீட்டில். செல்லத்துரை சபையில் பொருளாளர். "குதிரை ரேஸுங்கறது சூதாட்டம். அதுவும் ஞாயித்துக்கிழமை நடக்கு. ஆராதனைய விட்டுட்டு ரேஸுக்குப் போனான்னு நாலு பேர் சொல்லுததுக்கா? மேடம் போகட்டும், நீ போக வேண்டாம்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். மறுநாள் பத்மாக்காவிடம் வரமுடியாது என்று சொன்னேன்.

"உன் வீட்டுக்காரர் யார் சொன்னா கேப்பார்?" என்றார்.

"ஐயர் சொன்னா கேப்பாங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

அன்று மாலையே என்னையும் இழுத்துக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போய்விட்டார். ஐயர் வளர்த்த நாய்க்குக் காதில் சீழ் பிடித்தபோது இவர்தான் பார்த்தவர். அந்த நாய் வாசலில் வந்து இவர் காலைச் சுற்றியது. உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஐயரே, ஓடுற குதிரையைப் பாக்குறது பாவமா?"

ஐயர் யோசித்தார். "பணம் கட்டுவீங்களா?"

"மாட்டோம்."

"எஸ்தர்?"

"கட்ட மாட்டேன் ஐயரே."

"அப்ப பாக்கதுல என்ன இருக்கு. ஆண்டவர் படைச்ச மிருகந்தானே ஓடுது. ஆனா காலைல அங்கன ஏதாவது தமிழ் ஆராதனைக்குப் போயிரணும்" என்றார். நாங்கள் எழுந்து வாசல் வரை வந்தபிறகு பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, "வந்து எனக்கு எப்படி இருந்துன்னு சொல்லணும்" என்றார். ஐயர் சொன்னதைச் செல்லத்துரையிடம் சொன்னேன். என் பெட்டியின் சக்கரம் ஒன்று உடைந்திருந்ததை அவராகவே மாற்றி வைத்தார்.

இரண்டாவது தடை சுதா. இருதயத்தை வைத்துக்கொண்டு அம்மா அவ்வளவு தூரம் போகக்கூடாது என்று தினமும் போன். "எல்லாம் போன்லயே வருதேம்மா, வீட்ல உக்காந்து பாக்கக்கூடாதா?" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "போன்ல பாத்தா எனக்குக் குதிரையைத் தெரியும். குதிரைக்கு என்னைத் தெரியாதே சுதா." பிறகு, மாத்திரைகளை எஸ்தர் ஆன்ட்டி கையில் கொடுத்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதம் வந்தது.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவில்பட்டியில் ரயில். சனிக்கிழமை ரயில் ஏறினாலே போதும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "நம்ம பக்கத்துல எந்த ஆடு எப்ப எதைத் தின்னு வைக்கும்னு சொல்ல முடியாது. ஒருநாள் கையில இருக்கட்டும்" என்றார். ஓய்வுபெற்றவருக்கு ஆட்டைப் பற்றி என்ன கவலை என்று சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கடை வாசலில் வாடகைக் கார் நின்றது. புளியோதரை ஏறிவிட்டது. டாக்டரம்மா பந்தயத்துக்கென்று வாங்கிய நீலக் கைத்தறிச் சேலையை அன்றைக்கே கட்டியிருந்தார். அப்போது அவர் போன் அடித்தது. இளையரசனேந்தல் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பால்ச்சாமிக் கோனார். பல வருடமாக அவருடைய மந்தைக்கு வைத்தியம் பார்த்தது டாக்டரம்மாதான்.

"டாக்டரம்மா, ஆடெல்லாம் விழுதும்மா. நிக்க மாட்டேங்கு, வாயில நுரையாத் தள்ளுது" என்றார்.

"சோளக்காட்டுல மேஞ்சுதா?"

"அறுத்த காடுதானம்மா. போன வாரம் பெய்த மழையில கட்டையில துளுத்திருந்துச்சு. ஒரு நேரம் கண்ணசந்துட்டேன்."

அறுவடை முடிந்த சோளக்கட்டையில் புதிதாகத் துளிர்க்கும் குருத்தில் நஞ்சு உண்டு. ஆடு ஒரு வாய் அதிகம் தின்றால் போதும். அந்தப் பகுதிக்கு இப்போதுள்ள டாக்டர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "ஹைப்போ எவ்வளவு இருக்கு?" என்றார். போட்டோ கழுவப் பயன்படுத்துவார்களே, அந்த உப்புதான். தண்ணீரில் கரைத்து நேரத்தோடு வாயில் ஊற்றினால் சோள நஞ்சு முறியும். கடையில் இருந்த அத்தனை பொட்டலத்தையும் பெட்டிகளுக்கு மேலே போட்டுக்கொண்டு அதே காரில் கிளம்பினோம்.

நாங்கள் போவதற்குள் சில ஆடுகள் செத்துவிட்டன. மற்றவை காட்டின் வரப்போரம் கால்களை விறைத்துக்கொண்டு கிடந்தன. கோனாரின் மனைவி ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். நான் குடத்தில் கரைத்துக் கொடுக்க, கோனார் தலையை நிமிர்த்திப் பிடிக்க, அவர் பாட்டிலால் ஊற்றினார். ஊற்றின கையோடு அடுத்ததற்கு ஊசி. கார் டிரைவரும் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து பிடித்தார். டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது நான் மாத்திரையை நீட்டினேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "அந்தக் கறுப்புக் கிடாவைப் பிடி" என்றார்.

வெயில் சாயும் நேரத்தில் கிடந்தவற்றில் முக்கால்வாசி எழுந்து நின்றன. ஒன்று அசை போட ஆரம்பித்தது. அதைப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா நிமிர்ந்து, "ரயில்?" என்று கேட்டார்.

"போயிருக்கும் அக்கா."

"நாளைக்குப் பஸ்ல போவோம்" என்று சொல்லிவிட்டுப் பம்புசெட்டுக்குக் கை கழுவப் போனார். நீலச் சேலை முழுக்கச் சேறும் நுரையும். அதை வேறு யாராவது சொல்வதற்குள் அவரே குனிந்து பார்த்து, "வேற ஒண்ணு இருக்குட்டி" என்றார்.

கோனார் எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். பெட்டிகளைக் கண்டு, "எங்கம்மா பிரயாணம்?" என்றார். குதிரைப் பந்தயம் பார்க்கப் போவதைச் சொன்னோம். செத்த ஆடுகள் கிடந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் அவர் எங்கள் கடை முன்னால் வந்து நின்றார். சலவை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. மந்தை எப்படியிருக்கிறது என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"நல்லா இருக்கு தங்கச்சி. தம்பி பாத்துக்கிடுதான். நானும் குதிரை பாக்க வாரேன்."

டாக்டரம்மா அவரை உற்றுப் பார்த்தார். "கோனாரே, வைத்தியம் பாத்ததுக்குத் துணைக்கு வரணும்னு இல்ல."

"அதுக்கு இல்லம்மா. செத்ததை நினைச்சுட்டு வீட்ல உக்காந்திருந்தா கிறுக்குப் பிடிச்சிரும். ஓடுததை நாலு பாத்தா மனசுக்கு நல்லாருக்கும்லா."

"அப்ப வாங்க" என்றார் டாக்டரம்மா. மூன்றாவது டிக்கெட்டும் போட்டோம். புளியோதரையைச் செல்லத்துரை தின்று தீர்த்திருந்ததால் இட்லி கட்டிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூரில் இறங்கி, ஐயருக்குக் கொடுத்த வாக்கின்படி முதலில் தமிழ் ஆராதனைக்குப் போனோம். நான் மட்டும் உள்ளே போய் வருகிறேன் என்றேன். வெளியே குளிர் என்று இருவரும் கூடவே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாட்டு வந்தபோது டாக்டரம்மா புத்தகத்தைப் பார்த்துக் கூடவே பாடினார். வெளியே வந்ததும் கோனார், "சாமியாரு நல்லா பேசுதாரு. என்ன, கொஞ்சம் நீளம்" என்றார்.

பந்தய மைதானம் நகரத்தின் நடுவிலேயே இருந்தது. ஒரு பக்கம் தொப்பி வைத்த சீமாட்டிகள் காரில் வந்து இறங்கினார்கள். நாங்கள் பொதுவாசல் வழியாகப் போனோம். உள்ளே ஆண்கள் கூட்டம். ஆளாளுக்குக் கையில் ஒரு தாளும் பேனாவும். எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுகிறார்கள். டாக்டரம்மா அந்த வட்டத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நகரவே இல்லை. எண்ணெய் தேய்த்ததுபோல மினுங்கும் முதுகுகள். தோலுக்கு அடியில் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. நான் பார்த்த மட்டில் ஒரு குதிரையும் காலைத் தரையில் முழுதாக நம்பி வைக்கவில்லை.

"இதென்ன டாக்டரம்மா, வயிறு இப்படி ஒட்டிக் கிடக்கு? தீவனம் போடுதானுவளா இல்லையா?" என்றார் கோனார்.

"போடுறாங்க. நம்மளைவிட நல்ல தீவனம்" என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

"சட்டையப் பாத்தியளா. தேர்ச்சீலை மாதிரி இருக்கு" என்றார் கோனார், குதிரைமேல் உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டி. பக்கத்தில் நின்ற ஒருவர், தமிழ்க்காரர், எந்தக் குதிரைமேல் கட்டியிருக்கிறீர்கள் என்று எங்களைக் கேட்டார். எதன்மேலும் கட்டவில்லை என்றோம். அவர் நம்பவில்லை. "பின்ன எதுக்கு வந்தீங்க?" என்றார்.

"பாக்க" என்றார் டாக்டரம்மா.

டெர்பி பிற்பகலில். ஓடுகளத்தின் வேலி வரை நெருக்கியடித்து நின்றோம். தொடக்கம் எங்கோ தூரத்தில், மைதானத்தின் அந்தப் பக்கம். முதலில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மரங்களுக்கு முன்னால் சின்னச் சின்ன நிறப்புள்ளிகள் மெதுவாக நகர்வதுபோல இருந்தது. இதற்காகவா இவ்வளவு வருடம் என்று நினைத்தேன். புள்ளிகள் வளைவில் திரும்பி எங்கள் பக்கம் முகம் காட்டின. கூட்டம் எழுப்பிய சத்தத்தில் காது அடைத்தது. பிறகு அந்தச் சத்தத்துக்கும் அடியிலிருந்து இன்னொரு சத்தம் செருப்பு வழியாக மேலே ஏறி வந்தது. தரை அதிர்ந்தது. டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பிடிக்கிற பிடி. எங்களுக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரம்போலத் தோன்றியது, அவை ஒரே மொத்தமாக மூச்சும் மண்ணுமாகக் கடந்து போயின. என் முகத்தில் ஒரு துளி சேறு வந்து விழுந்தது. நான் வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தேன் என்பது எல்லாம் அடங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. என்ன கத்தினேன் என்று இன்றுவரை தெரியாது.

கூட்டம் முழுக்க ஜெயித்த குதிரையின் பக்கம் ஓடியது. டாக்டரம்மா கடைசியாக வந்த குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வேகம் குறைந்து, நடைக்கு வந்து, சீராகக் காலெடுத்து வைப்பது வரைக்கும் பார்த்தார். "அதுக்கும் ஒண்ணுமில்ல" என்றார். கண் நிறைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் குதிரைகளை லாயத்துக்குத் திருப்பி அழைத்துப் போகும் வழியோரம் நின்றோம். ஒரு சாம்பல்நிறக் குதிரையை நடத்தி வந்தவர் நாங்கள் பேசிய தமிழைக் கேட்டு நின்றார். அவருடைய அம்மா ஊர் ராஜபாளையமாம். டாக்டரம்மா மாட்டு டாக்டர் என்று கோனார் பெருமையாகச் சொன்னார். "தொட்டுப் பாருங்கம்மா, சாது" என்றார் அவர். குதிரை எங்களுக்கு நேராக நின்றது. நான் டாக்டரம்மாவின் கையைப் பார்த்தேன். அது எழவில்லை.

"வேண்டாம்ப்பா. ஓடிட்டு வந்திருக்கு, களைச்சிருக்கும். தெரியாத ஆள் கை இப்ப எதுக்கு? தண்ணி காட்டு" என்றார்.

குதிரைக்காரர் தலையாட்டிவிட்டு நடந்தார். குதிரை போகிற போக்கில் கோனாரின் துண்டை மோந்து பார்த்து, ஆட்டு வாடை பிடிக்காமல் தலையை உதறியது. "எங்கிட்டல்லாம் சேராது போலுக்கு" என்றார் கோனார். இரண்டு நாளில் அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை டாக்டரம்மா எனக்கே விட்டுக்கொடுத்தார். எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "இவ்வளவு வருஷம் காத்திருந்து, கண்ணிமைக்கிற நேரத்துல முடிஞ்சு போச்சேக்கா. ஏமாத்தமா இல்லையா?"

"காத்திருந்ததும் நல்லாத்தானே இருந்தது எஸ்தர்? எத்தனை சாயங்காலம் பேசியிருக்கோம். அதுவே பாதி பிரயாணம்" என்றார். சற்று நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மதுரை தாண்டும்வரை எழவில்லை.

ஊருக்கு வந்த புதன்கிழமை ஐயர் தாமாகவே கடைக்கு வந்தார். நாய்க்கு மருந்து வாங்குவதுபோல நின்றுகொண்டு, "எப்படி இருந்து?" என்றார். தரை அதிர்ந்ததைச் சொன்னேன். "ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எந்தக் குதிரை ஜெயித்தது என்றார். மூன்று பேருமே அதன் பெயரைக் கவனிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அதன்பின் இரண்டு வருடம்கூட டாக்டரம்மா இருக்கவில்லை. இருந்த நாள்களில் நன்றாக இருந்தார். மாலையில் கடைக்கு வருவார். பூனேயிலும் ஒரு பந்தயம் நடக்குமாம், மழைக்காலத்தில், என்று ஆரம்பிப்பார். கோனார் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் "அடுத்து எப்பம்மா?" என்று கேட்பார். கடைசியாகக் கோயம்புத்தூருக்குப் பரிசோதனைக்குக் கிளம்பிய அன்றுகூட பூனேக்கு எங்கே ரயில் மாற வேண்டும் என்பதைப் பேசிவிட்டுத்தான் போனார். அந்தப் பேச்சு முடியவில்லை. முடியாமல் நின்றது எனக்குக் குறையாகவும் படவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். வைத்தியம் எனக்குத் தெரியாது. அவருடைய பொறுமையும் எனக்கு வரவில்லை. என் அம்மா, அத்தை, நான், நாங்கள் யாருமே எங்களுக்கென்று ஒன்றைக் கேட்கும்போது அதற்கு ஒரு காரணத்தை ஒட்டவைத்துத்தான் கேட்டிருக்கிறோம். பிள்ளைக்காக, உடம்புக்காக, நேர்ச்சைக்காக என்று. டாக்டரம்மா "ஆசையா இருக்கு" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு ஒரு காரணத்தை ஒட்டவைக்க மாட்டார். அந்த வாக்கியத்தை அந்த இடத்தில் நிறுத்தும் பழக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது செல்லத்துரையிடம், கார் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று சொன்னேன்.

"நம்மகிட்ட காரே இல்லையே. அறுபது வயசுல எதுக்கு?" என்றார்.

"ஆசையா இருக்கு" என்றேன். வேறொன்றும் சேர்க்கவில்லை.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு, "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு லேடீஸ் சொல்லிக் குடுக்காவளாம்" என்றார்.

திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன்.